காயலான் கடைக்காரர்தான் கிடைத்தாரா?



தமிழ்நாட்டில் பழைய சாமான் வாங்கி விற்கும் கடைக்கு ஓர் ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. காயலான் கடை! காயல்பட்டினத்து வியாபாரிகள் இந்தத் தொழிலில் முன்னோடிகளாக இருந்ததால் வந்த பெயர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த ஊர்க்காரர்கள் இன்று வைரம் விற்கிறார்கள், ஜவுளி விற்கிறார்கள், கடல் கடந்தும் கடை வைத்திருக்கிறார்கள். ஆனாலும் தெருமுனையில் துருப்பிடித்த சைக்கிளும் உடைந்த பிளாஸ்டிக் குடமும் குவிந்து கிடக்கும் கடையைத் தமிழன் இன்றும் காயலான் கடை என்றுதான் சொல்கிறான். ‘பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்’ என்று கூவிக்கொண்டு தெருத்தெருவாய்ச் சென்றவர்களில் நம் பாட்டன்மார் எத்தனை பேர்! சினிமாக்காரர்கள் அதைக் கேலி வசனமாக்கினார்கள். நாமும் சேர்ந்து சிரித்தோம்.

சிரித்தது போதும். இப்போது உலகமே அந்தத் தொழிலுக்குப் புதுப்பெயர் சூட்டி, கோட்டும் டையும் மாட்டி, மாநாட்டு மேடையில் ஏற்றி வைத்திருக்கிறது. மறுசுழற்சி என்கிறார்கள். கோடிக்கணக்கில் முதலீடு வருகிறது. சட்டங்கள் வருகின்றன. இந்த நேரத்தில், தள்ளுவண்டியும் தராசும் வைத்து அரை நூற்றாண்டாக இதே வேலையைச் செய்துவந்த சிறு வியாபாரியின் இடம் எது? அவனுக்குப் பந்தியில் இலை உண்டா, அல்லது எச்சில் இலை எடுக்கும் வேலை மட்டும்தானா?

இந்தக் கேள்வியைக் கேட்கக் கொடைக்கானல் மலையைவிடப் பொருத்தமான இடம் இல்லை. ஏனென்று சொல்கிறோம்.

மூஞ்சிக்கல்லில் கிடந்த மூட்டைகள்

2001 மார்ச் 7. கொடைக்கானல் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய சாமான் கடை. அருகிலேயே பள்ளிக்கூடம். ஆட்கள் வந்துபோகும் இடம். அங்கே கிழிந்த சாக்குகளில் நொறுங்கிய கண்ணாடித் துண்டுகள் தரையில் சிந்திக் கிடந்தன. பழனிமலைப் பாதுகாப்புக் குழுவினரும் கிரீன்பீஸ் அமைப்பினரும் உள்ளூர் மக்களும் சேர்ந்து அவற்றை வெளி உலகுக்குக் காட்டினார்கள். சாதாரணக் கண்ணாடி அல்ல. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரின் உடைசல். அதில் ஒட்டியிருந்தது பாதரசம்! மொத்தம் 7.4 டன் என்று ஆர்வலர்கள் கணக்குச் சொன்னார்கள். நிறுவனத்தின் கணக்கு அதைவிடக் குறைவு.

எந்த நிறுவனம்? ஹிந்துஸ்தான் லீவர். நம் வீட்டுச் சோப்பும் பற்பசையும் தேயிலையும் விற்கும் அதே பன்னாட்டு நிறுவனத்தின் இந்தியக் கிளை. செயின்ட் மேரிஸ் சாலையில் இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை அதனுடையது.

இந்தத் தொழிற்சாலை மலைக்கு வந்த கதையைக் கேளுங்கள். அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுன் என்ற ஊரில் இயங்கிக்கொண்டிருந்த ஆலை அது. 1983-84 வாக்கில் அங்கிருந்து பெயர்த்து எடுக்கப்பட்டுக் கொடைக்கானலுக்கு வந்தது. முதலில் பாண்ட்ஸ் கம்பெனியின் கையில் இருந்தது. பின்னர் யூனிலீவர் குடும்பத்துக்குள் போனது. பாதரசமும் கண்ணாடியும் வெளிநாட்டிலிருந்து வரும். செய்து முடித்த தெர்மாமீட்டர் வெளிநாட்டுக்கே போகும். இடையில் மலைக்குக் கிடைத்தது கூலியும் கழிவும்! ஆலையின் பின்புறம் பாம்பார் சோலை. சோலை என்பது மழைநீரைக் குடித்து வைத்துக்கொண்டு கோடையிலும் ஓடை ஓடையாக விடும் காடு. அந்தத் தண்ணீர் கீழே சமவெளிக்கு இறங்குகிறது. அப்படிப்பட்ட காட்டின் ஓரத்தில் பாதரச ஆலைக்கு எப்படி அனுமதி கொடுத்தார்கள் என்று கேட்க அன்று ஆளில்லை.

பாதரசத்தைப் பற்றி இளைஞர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதைத் தொட்டால் உடனே ஒன்றும் ஆகாது. வெள்ளிக் குண்டுமணி போல் உருண்டு ஓடும். குழந்தைகள் விளையாட ஆசைப்படும். ஆனால் சாதாரண வெப்பத்திலேயே அது கண்ணுக்குத் தெரியாத ஆவியாகும். அந்த ஆவியை நாள்கணக்கில் சுவாசித்தால் நரம்பையும் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும். கை நடுங்கும், மறதி வரும், ஈறு புண்ணாகும். தண்ணீரில் கலந்து மீனில் ஏறினால் இன்னும் பெரிய கேடு. ஜப்பானில் மினமாட்டா என்ற மீனவர் ஊரில் 1956-இல் தெரியவந்த கொடுமை அதுதான். அந்த ஊரின் பெயரில்தான் 2013-இல் பாதரசத்துக்கு எதிரான உலக உடன்படிக்கையே ஏற்பட்டது. இந்தியாவும் 2018-இல் அதில் இணைந்தது.

சரி, ஆலை நிர்வாகம் என்ன சொன்னது? எங்கள் விதிமுறைக்கு மாறாக அந்தக் கண்ணாடி வெளியே விற்கப்பட்டுவிட்டது என்றது. ஆலையை மூடியது. 2003-இல், ஆலையில் இருந்த பாதரசக் கழிவுகள் சுமார் 290 டன் கப்பலேறி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள பெத்லஹேம் அப்பாரட்டஸ் என்ற பாதரச மறுசுழற்சி ஆலைக்குப் போனது. வந்த நாட்டுக்கே திரும்பப் போனது! சூழலியல் போராட்டங்களின் வரலாற்றில் இது சாதாரண வெற்றி அல்ல. ஏழை நாட்டில் கொட்டிய நஞ்சைப் பணக்கார நாடு திரும்ப வாங்கிக்கொண்டது என்பது அடிக்கடி நடக்கிற காரியமா?

தொழிலாளர்களின் கதை மட்டும் நீண்டுகொண்டே போனது. பாதரசத்தால் எங்கள் உடல் கெட்டது என்று அவர்கள் சொன்னார்கள். இல்லை என்று நிறுவனம் சொன்னது. கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. 2015-இல் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப் என்ற இளம்பெண் இதைப் பாட்டாகப் பாடி இணையத்தில் போட்டார். உலகம் முழுவதும் பார்த்தார்கள். அடுத்த ஆண்டே, 2016 மார்ச்சில், 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. பதினைந்து ஆண்டு மனுவும் ஆர்ப்பாட்டமும் அசைக்காத கதவை ஒரு பாட்டு அசைத்தது என்று சொன்னால் தொழிலாளர்களின் உழைப்பைக் குறைத்ததாகும். அவர்கள் அதுவரை தள்ளிக்கொண்டே இருந்ததால்தான் கடைசித் தள்ளலுக்குக் கதவு திறந்தது. மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்ற சண்டை அதன் பிறகும் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை பாதரசம் இருக்கலாம் என்று ஒரு வரம்பு வைத்தார்கள். உங்கள் சொந்த நாட்டில் இந்த வரம்பை ஏற்றுக்கொள்வீர்களா என்று ஆர்வலர்கள் கேட்ட கேள்வி நியாயமானதே.

இதெல்லாம் பலர் எழுதிவிட்டார்கள். நாம் கேட்க விரும்புவது வேறு.

அந்தக் கடைக்காரரைப் பற்றி யார் பேசினார்கள்? அவர் எந்தச் சமூகத்தவர் என்பது இங்கே கேள்வியே அல்ல. எடைபோட்டு, காசு கொடுத்து, உடைந்த கண்ணாடி என்று நம்பி வாங்கி வைத்த ஒரு சிறு வியாபாரி. அவர் கடை ஆட்கள் வெறுங்கையால் அள்ளினார்கள். அந்த மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தவன் விற்றான், தெரியாதவன் வாங்கினான். விற்றவனிடம் என்ஜினீயர் இருந்தார், டாக்டர் இருந்தார், வக்கீல் இருந்தார். வாங்கியவனிடம் தராசு மட்டும் இருந்தது.

படித்தவன் விற்றான், பாமரன் செத்தான்

இது கொடைக்கானலோடு முடிந்த கதை அல்ல. டில்லியில் மாயாபுரி என்று ஒரு பழைய இரும்புச் சந்தை இருக்கிறது. 2010-இல் டில்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறை, பல்லாண்டு காலம் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு கருவியை ஏலம் விட்டது. பழைய இரும்பு என்று எடுத்தவர்கள் உடைத்தார்கள். உள்ளே கோபால்ட்-60 என்ற கதிர்வீச்சுப் பொருள்! தொட்டவர்களின் கை வெந்தது, முடி கொட்டியது, பலர் மருத்துவமனையில் கிடந்தார்கள், ஒருவர் மாண்டார். விற்றது குப்பை பொறுக்கும் சிறுவன் அல்ல. பேராசிரியர்கள் நிறைந்த பல்கலைக்கழகம்!

அதற்கு முன்பே, 1987-இல், பிரேசில் நாட்டுக் கோயானியா நகரில், கைவிடப்பட்ட மருத்துவமனைக் கட்டடத்திலிருந்து ஒரு புற்றுநோய்ச் சிகிச்சைக் கருவி காயலான் கடைக்கு வந்தது. உடைத்தபோது இருட்டில் நீலமாக ஒளிர்ந்த தூள் கிடைத்தது. அழகாக இருக்கிறதே என்று கடைக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோனார். அவரது மனைவியும், சகோதரரின் ஆறு வயது மகளும் உட்பட நால்வர் இறந்தனர்.

மூன்று ஊர், மூன்று மொழி. பறிபோன உயிரும் உடம்பும் ஒரே தொழில்காரனுடையது. பெரிய இடத்திலிருந்து சரக்கு வருகிறது என்றால் நம் வியாபாரி மகிழ்ந்துபோகிறார். கம்பெனி லோடு, ஆஸ்பத்திரி லோடு, காலேஜ் லோடு என்றால் போட்டி போட்டு ஏலம் எடுக்கிறார். அந்த லோடில்தான் ஆபத்து அதிகம். தெருவில் வரும் ஈயப் பாத்திரத்தில் என்ன இருக்கும்? ஓட்டை இருக்கும், அவ்வளவுதான்.

ஆகவே, கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கு உடனடியாகச் சில வார்த்தைகள். கம்பெனியோ மருத்துவமனையோ ஆய்வுக்கூடமோ விற்கும் எந்தச் சரக்கையும், இதில் இன்ன பொருள் இருக்கிறது, நஞ்சு இல்லை என்று அவர்கள் கையெழுத்துப் போட்ட தாள் இல்லாமல் எடுக்காதீர்கள். தாள் தர மறுத்தால் அதுவே உங்களுக்குப் பதில். ஊசி, சிரிஞ்சு, ரத்தம் பட்ட குழாய் எதையும் மருத்துவமனை பழைய சாமான் கடைக்கு விற்கவே கூடாது. அவற்றைத் தனியாக அழிக்கச் சட்டம் வழி வகுத்திருக்கிறது. பழைய பி.பி. கருவியில் தெர்மாமீட்டரைப் போலப் பல மடங்கு பாதரசம் இருக்கும். டியூப்லைட்டிலும் சி.எஃப்.எல். பல்பிலும் சில மில்லிகிராம் இருக்கும். ஒன்று உடைந்தால் பெரிய ஆபத்தில்லை. ஆனால் அலுமினியத் தொப்பிக்காக அடைத்த அறையில் நூற்றுக்கணக்கில் உடைக்கிறீர்களே, அது வேறு கணக்கு. பாதரசம் சிந்தினால் துடைப்பத்தால் பெருக்காதீர்கள்; அது பொடிப்பொடியாகி எங்கும் பரவும். கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, கெட்டி அட்டையால் ஒன்றுசேர்த்து, தண்ணீர் ஊற்றிய பாட்டிலில் போட்டு இறுக மூடி வையுங்கள். எந்த நிலையிலும் சூடாக்காதீர்கள்.

மூடிய டிரம்மிலும் சிலிண்டரிலும் கேஸ் கட்டர் வைத்து வெடித்துச் செத்த செய்தி ஆண்டுதோறும் வருகிறது. பேட்டரி உடைத்த கையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்காதீர்கள். ஈயத்தூள் உங்கள் சட்டையில் ஏறி வீடு வரை வரும். செம்புக்காக ஒயரை எரிக்கும் பையன்களை நிறுத்துங்கள். அந்தக் கரும்புகை அவர்களின் நெஞ்சுக்குள்தான் போகிறது. உரித்து எடுக்கும் சிறு இயந்திரம் வந்துவிட்டது. உரித்த செம்புக்கு எரித்த செம்பைவிட விலையும் கூடுதல் என்பது உங்களுக்கே தெரியும்.

மலையின் கணக்கு வேறு

மறுபடியும் கொடைக்கானலுக்கு வருவோம். பாதரசம் போன பிறகு மலை சுத்தமாகிவிட்டதா?

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். சீசன் நாளில் உள்ளூர் மக்களைவிடப் பல மடங்கு கூட்டம் ஏறுகிறது. 2024-இல் ஒரு மலையாளப் படம் வந்தாலும் வந்தது, குணா குகைக்கு வரிசை கட்டி நிற்கிறார்கள். அந்த ஆண்டு மே மாதம் முதல் நீதிமன்ற உத்தரவின் பேரில் இ-பாஸ் முறை வந்தது. வருகிறவர் கொண்டுவருவது என்ன? தண்ணீர் பாட்டில், சிப்ஸ் பாக்கெட், காகிதத் தட்டு, மது பாட்டில். கொண்டுபோவது போட்டோ! விட்டுச்சென்றதைத் தெருவில் திரியும் காட்டுமாடு மெல்லுகிறது. மிச்சம் பிரகாசபுரம் குப்பைக் கிடங்கில் மலையாகிறது. மலை மேல் ஒரு மலை.

மலையூரில் குப்பை மேடே இருக்கக் கூடாது என்பதை 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளே சொல்லிவிட்டன. மலையில் குப்பை நிரப்பு நிலம் தவிர்க்கப்பட வேண்டும், மிஞ்சிய கழிவை மூடிய இடத்தில் சேர்த்து, கீழே 25 கிலோமீட்டருக்குள் சமவெளியில் இடம் பார்க்க வேண்டும் என்பது அந்த விதி. கிழிந்த பையிலிருந்து வழியும் கரும்தண்ணீர் எந்த ஓடையில் சேரும் என்று மலைவாசிக்குத் தெரியும், விதி எழுதியவருக்கும் தெரிந்திருக்கிறது. நடைமுறைப்படுத்த வேண்டியவருக்குத்தான் தெரியவில்லை.

தடைகளுக்குக் குறைவில்லை. 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு மாநிலம் முழுவதும் தடை. 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கம். 2024-இல் கொடைக்கானலுக்குள் 5 லிட்டருக்குக் குறைவான தண்ணீர் பாட்டில் கொண்டுவந்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. 2025-இல் மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளுக்கென்று உயர் நீதிமன்றம் இன்னும் கடுமையான உத்தரவு போட்டது. தடையை நாம் எதிர்க்கவில்லை. மலையில் கடை வைத்திருக்கும் நம் வியாபாரிகள் சிலர், ‘தடை வந்தால் வியாபாரம் போச்சு’ என்று குறைப்படுவதையும் நாம் ஏற்கவில்லை. மலை போனால் என்ன வியாபாரம்? ஆனால் அபராதம் ஏன் எப்போதும் பெட்டிக்கடைக்காரருக்கு மட்டும்? பாட்டிலில் தண்ணீர் அடைத்து அனுப்புகிறவனும் சிப்ஸ் பாக்கெட்டைத் தயாரிக்கிறவனும் எங்கே? தயாரித்தவனே திரும்பப் பெறப் பொறுப்பு என்று சட்டம் சொல்கிறது. அந்தப் பொறுப்பைச் சான்றிதழாக மாற்றி, எங்கோ ஒரு மூலையில் உள்ள ஆலையிடம் வாங்கிக் கணக்கை நேர்செய்துவிட வழியும் வைத்திருக்கிறது. கணக்குப் புத்தகத்தில் பாக்கெட் மறுசுழற்சி ஆகிவிட்டது. கொடைக்கானல் ஓடையில் அது அப்படியே கிடக்கிறது!

இதில் வெற்றி பெற்ற ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்ல நமக்குச் சற்றுச் சங்கடம்தான். 2022 மே மாதம் நீலகிரியில், உயர் நீதிமன்றம் தலையிட்டதால், டாஸ்மாக் கடைகளில் காலி பாட்டிலைத் திரும்பத் தந்தால் 10 ரூபாய் என்ற முறை வந்தது. வாங்கும்போதே 10 ரூபாய் கூடுதலாக எடுத்துக்கொள்வார்கள். பாட்டிலைக் கொடுத்தால் திரும்பக் கிடைக்கும். யானையின் காலைக் கிழித்த கண்ணாடி பெருமளவு காட்டிலிருந்து மறைந்தது. பாட்டில்களில் மிகப் பெரும்பாலானவை திரும்பி வந்தன. பின்னர் வேறு மாவட்டங்களுக்கும் அது விரிந்தது. மதுக்கடையே கூடாது என்பதுதான் நம் நிலை, அதில் மாற்றமில்லை. ஆனால் போதையில் இருப்பவனே 10 ரூபாய்க்காகப் பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவருகிறான் என்றால், தண்ணீர் குடித்துத் தெளிவாக இருப்பவன் கொண்டுவர மாட்டானா?

இங்கேதான் 20 ரூபாய் பசுமை வரியின் குறை தெரிகிறது. வரி கட்டியவன் என்ன நினைக்கிறான்? ‘காசு கொடுத்துவிட்டேன், இனி எங்கே வேண்டுமானாலும் எறிவேன்.’ அதே 20 ரூபாயில் 10 ரூபாயை இறங்கும்போது பாட்டிலைக் காட்டினால் திருப்பித் தருவோம் என்று சொல்லிப் பாருங்கள். அவன் எறிந்தாலும் இன்னொருவன் பொறுக்குவான். காலிப் பாட்டிலுக்கு மலை உச்சியிலேயே விலை வந்துவிடும்.

விலைதான் இந்தத் தொழிலின் உயிர். காயலான் கடையில் எதை வாங்குகிறார்கள், எதைத் தொட மாட்டார்கள் என்று பார்த்தாலே ஊர்க் குப்பையின் இலக்கணம் புரியும். இரும்பு, செம்பு, அலுமினியம் தெருவில் ஒரு நாள் கூடக் கிடக்காது. அட்டைப்பெட்டி கிடக்காது. பால் கவர் கூடப் போய்விடும். தண்ணீர் பாட்டில் உருகிப் பாலியெஸ்டர் நூலாகிறது. ஆகவே அதற்கும் ஆள் உண்டு. உள்ளே பளபளக்கும் சிப்ஸ் பாக்கெட்டை மட்டும் எவனும் தொட மாட்டான். பல அடுக்கு ஒட்டியது, பிரிக்க முடியாது, சிமெண்ட் ஆலை அடுப்புக்குத்தான் போகும். கண்ணாடியோ கனம் அதிகம், விலை குறைவு.

சமவெளியில் உள்ள கணக்கு இது. மலையில் இதே கணக்கு தலைகீழாகிவிடும். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் கொண்டை ஊசி வளைவுகள். அதன் பிறகு திண்டுக்கல்லோ மதுரையோ போக வேண்டும். அமுக்காத பாட்டிலை லாரியில் ஏற்றினால் லாரி நிறையக் காற்றைத்தான் கொண்டுபோகிறோம். டீசல் காசு கூடத் தேறாது. ஆகவே சமவெளியில் விலைபோகும் பாட்டில் மலையில் குப்பையாகிறது. மலைக்காரனுக்குச் சுத்த உணர்வு குறைவு என்று பேசுகிற பட்டணத்துக் கனவான்கள் இந்த லாரி வாடகையை ஒருநாள் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. ஒரு அமுக்கும் இயந்திரம் போதும். பத்து நடைச் சரக்கை இரண்டு மூன்று நடையில் இறக்கலாம். மளிகையும் சிமெண்டும் ஏற்றிவரும் லாரி காலியாகத் திரும்பும் நாளில் வாடகை குறைவு என்பது எந்த வியாபாரிக்குத் தெரியாது? இயந்திரத்தை ஒரு தனிக் கடைக்காரர் வாங்குவது கஷ்டம். மலையில் உள்ள பழைய சாமான் வியாபாரிகள், எந்த மதத்தவராக இருந்தாலும், நாலைந்து பேர் சேர்ந்து வாங்கலாம். வணிகர் சங்கம் முன்னின்று செய்யலாம். நகராட்சி ஒரு கூரையும் மின் இணைப்பும் கொடுத்தால் போதும். பசுமை வரியாக வசூலாகும் பணத்தில் ஒரு பங்கை லாரி வாடகைக்கு மானியமாகக் கொடுத்தால் மறுபேச்சுக்கே இடமில்லை. பூம்பாறை, மன்னவனூர் போன்ற உள்கிராமங்களில் பூண்டு, கேரட் வயலோரம் கிடக்கும் உரச்சாக்கும் மருந்து டப்பாவும் கூட இறங்கிவிடும். மருந்து டப்பாவை மட்டும் தனியாக வைக்க வேண்டும். அதைத் தண்ணீர்க் குடமாக மாற்றும் ஆலைக்கு விற்பது பாவம்!

சட்டம் யாருக்கு வழிவிடுகிறது?

இளைஞர்களே, இந்தப் பகுதி குறிப்பாக உங்களுக்கு.

2016 விதிகளில் ஒரு நல்ல வரி இருந்தது. குப்பை பொறுக்குவோரையும் பழைய சாமான் சேகரிப்போரையும் உள்ளாட்சிகள் அங்கீகரித்து, அவர்களைத் தம் ஏற்பாட்டில் இணைத்துக்கொள்ள வேண்டும் என்பதே அது. எத்தனை நகராட்சிகள் செய்தன? ஒப்பந்தம் என்று வந்தால் வெளியூர்ப் பெரிய காண்ட்ராக்டருக்குப் போகிறது. அவர் டன் கணக்குக்குப் பணம் வாங்குகிறார். ஆகவே குப்பை எவ்வளவு கனமோ அவ்வளவு லாபம். பிரித்தெடுத்துக் குறைக்கிறவனுக்கு அங்கே என்ன வேலை?

மறுபக்கம், போலீஸ். ஊரில் ஒரு மோட்டார் காணாமல் போனால் முதலில் கதவு தட்டப்படுவது காயலான் கடையில். திருட்டுப் பொருள் வாங்கினான் என்று வழக்குப் போடுவது எளிது; பழைய 411 பிரிவு இப்போது புதிய சட்டத்தில் 317 ஆகியிருக்கிறது, மிரட்டல் மட்டும் பழையதுதான். தாடியும் தொப்பியும் இருந்தால் விசாரணை இன்னும் கொஞ்சம் நீளும் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் சகோதரர்களே, கோபப்படுவதற்கு முன் நம் கடை மேசையைப் பார்ப்போம். யாரிடம், எந்தத் தேதியில், என்ன பொருள், எத்தனை கிலோ வாங்கினோம் என்று ஒரு நோட்டு இருக்கிறதா? விற்றவரின் பெயரும் போன் எண்ணும் இருக்கிறதா? அந்த நோட்டு இருக்கிற கடையில் ஏட்டையாவின் குரல் தணிந்தே ஒலிக்கும். அளவிலும் நிறுவையிலும் நேர்மையைக் கடமையாகக் கொண்ட சமுதாயம் நாம். தராசுக்குக் கீழே காந்தம் ஒட்டும் ஒரு சிலருக்காக மொத்தத் தொழிலும் தலைகுனிய வேண்டுமா?

வரியிலும் காலம் மாறிவிட்டது. 2024 அக்டோபர் 10 முதல், பதிவு இல்லாதவரிடம் உலோகக் கழிவு வாங்கும் பதிவு பெற்ற வியாபாரி, அந்த ஜி.எஸ்.டி.யைத் தானே அரசுக்குக் கட்ட வேண்டும். பின்னர் தன் வரவில் கழித்துக்கொள்ளலாம். பதிவு பெற்றவர்களுக்குள் விற்றால் 2 சதவீதம் பிடித்தம். பில் இல்லாத வியாபாரத்துக்குக் கதவு ஒவ்வொன்றாக மூடுகிறது என்பதே இதன் பொருள். பழைய வாகனம் உடைக்க 2021-இல் தனி விதி வந்து, பதிவு பெற்ற நிலையங்கள்தான் செய்ய வேண்டும் என்றானது. சென்னை புதுப்பேட்டையில் ஒரு காரைப் பத்து நிமிடத்தில் பிரித்துப் போடும் கைகளுக்கு அந்தப் பதிவு இல்லை. பேட்டரிக்கு 2022-இல் விதி. கம்ப்யூட்டர், செல்போன் போன்ற மின்னணுக் கழிவுக்கு 2023 ஏப்ரல் முதல் புதிய விதி. தயாரிப்பாளர் கொடுக்கும் பணம் பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்கு மட்டுமே போகும். சேகரிப்பவன் நாம், வெயிலில் நிற்பவன் நாம், சான்றிதழை விற்றுச் சம்பாதிப்பவன் வேறொருவன்! பதிவுக் கட்டணமும் இடமும் இயந்திரமும் சிறு வியாபாரியால் முடியாத அளவில் இருக்கின்றன என்பது உண்மை. தனியாக முடியாது. கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்தால்?

படித்த பிள்ளைகள் இந்தக் கடைகளில் உட்கார வெட்கப்படுகிறார்கள். வாப்பா காயலான் கடை வைத்திருக்கிறார் என்று கல்லூரியில் சொல்லக் கூசுகிறார்கள். வளைகுடாவில் போய் அடுத்தவன் கிடங்கில் மூட்டை எண்ணுவது கௌரவமாம். சொந்தக் கடையில் எண்ணினால் கேவலமாம்! பி.காம். படித்த ஒரு பையன் வாப்பாவின் கடையில் ஆறு மாதம் உட்கார்ந்து நோட்டு எழுதி, ஜி.எஸ்.டி. எடுத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் எந்தப் பொருளுக்கு எந்த அனுமதி என்று விசாரித்து வைத்தால், அந்தக் கடை கம்பெனியாகும். வேதியியல் படித்த பெண்பிள்ளை எந்த லோடில் என்ன நஞ்சு வரும் என்று ஒரு பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டினால், அந்தக் கடைப் பையன்களின் நுரையீரல் பிழைக்கும்.

மலையில் உள்ள நம் ஜமாஅத்துகளும் வணிகர்களும் வரும் சீசனுக்கு முன்பே ஒரு காரியம் செய்யலாம். நகராட்சி ஆணையருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் ஒரே மனு. அதில் மற்றச் சமூகத்துப் பழைய சாமான் வியாபாரிகளின் கையெழுத்தும் இருக்கட்டும். பசுமை வரியில் பாதியைப் பாட்டில் திரும்பப் பெறும் தொகையாக மாற்றுங்கள், பிரித்து அமுக்க இடம் கொடுங்கள், பழைய சாமான் சேகரிப்போருக்கு அடையாள அட்டை கொடுங்கள், ஆலைகளும் மருத்துவமனைகளும் விடுதிகளும் கழிவை விற்கும்போது உள்ளே இருப்பதை எழுதிக் கொடுக்க உத்தரவிடுங்கள் என்று கேட்போம். மூஞ்சிக்கல்லில் 2001-இல் நடந்ததை அதே மனுவின் முதல் வரியாக எழுதுவோம். பதில் என்ன வருகிறது என்பதை இன்ஷா அல்லாஹ் இதே பக்கத்தில் வெளியிடுவோம். மனுவின் நகலையும் நீங்கள் கண்ட குறைகளையும் நமக்கு அனுப்பி வையுங்கள்.